கொதிக்க வைத்தாலும் போகாத நஞ்சு: உணவில் சேரும் வேதிப்பொருள்களைத் தடுப்பது எப்படி?

கேள்வி இதுதான்: "நன்றாகக் கழுவி, நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டால் உணவில் உள்ள வேதிப்பொருள் ஆபத்தும் போய்விடாதா? வீட்டிலும் சிறிய உணவகச் சமையலறையிலும் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?"

பெரும்பாலும் போகாது. கிருமிக்கு உயிர் இருக்கிறது, சூடு பட்டால் சாகும். ஈயம், பாதரசம், பூஞ்சை நஞ்சு இவற்றுக்கெல்லாம் சாவு என்ற ஒன்றே கிடையாது. ஆர்செனிக் கலந்த கிணற்று நீரை அரை மணி நேரம் கொதிக்க வைத்தால் கிருமி ஒழியும். ஆர்செனிக் அப்படியே தங்கும், நீர் எவ்வளவு ஆவியானதோ அந்த அளவுக்கு அதன் செறிவும் ஏறியிருக்கும். ஆகவே இந்த விஷயத்தில் முக்கால்வாசி வேலை அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே முடிந்தாக வேண்டும். எதை வாங்குகிறோம், எப்படிக் காயவைத்துச் சேமிக்கிறோம், எந்தப் பாத்திரத்தில் வைக்கிறோம், பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் பேச்சு. அடுப்பு கைகொடுக்கும் இடங்கள் சில உண்டு. அடுப்பே நஞ்சை உண்டாக்கும் இடங்களும் உண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் பாட்டில்களைப் பாருங்கள்

எல்லோரும் பயப்படுவது பூச்சிக்கொல்லி எச்சத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும். ஒரே வேளையில் ஆளை மருத்துவமனைக்கு அனுப்புவதோ, பெரும்பாலும் இடம் மாறிய ஒரு பாட்டில்தான். குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைத்த தரை கழுவும் அமிலம், மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் பெயர் எழுதாத டப்பாவில் எலி மருந்து, பழைய பூச்சிமருந்து கேனில் சமையல் எண்ணெய். 2013-இல் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். காரணம் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி. உணவில் மட்டுமல்ல, எண்ணெய் இருந்த கொள்கலனிலும் அது இருந்ததைத் தடயவியல் சோதனை காட்டியது. இத்தகைய மருந்துகள் பிளாஸ்டிக் சுவருக்குள் ஊறிப்போகும். எத்தனை முறை கழுவினாலும் அந்தக் கேன் உணவுக்கு ஆகாது. காலியான மருந்துக் கேனை மூன்று முறை அலசி, அந்த நீரையும் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, கேனில் ஓட்டை போட்டு அப்புறப்படுத்துவதுதான் முறை. ஓட்டை போடச் சொல்வதே வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடாது என்பதற்காகத்தான்.

சமையலறைக்கான விதி சுருக்கமானது. சுத்தம் செய்யும் திரவம், பூச்சி மருந்து எல்லாம் வாங்கிய பாட்டிலிலேயே இருக்க வேண்டும். சிறிய தெளிப்பானுக்கு மாற்றினால் அதே நிமிடத்தில் பெயர் எழுதி ஒட்ட வேண்டும். உணவு இருக்கும் அலமாரிக்கு மேலேயோ பக்கத்திலேயோ வைக்கக்கூடாது. தனி அலமாரி இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் கீழே உள்ள தட்டில் வையுங்கள், சிந்தினாலும் உணவின் மேல் சிந்தாது. பிளீச் திரவத்தையும் அமிலக் கழுவியையும் ஒருபோதும் சேர்க்கக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும். பிளீச்சுடன் அம்மோனியா சேர்ந்தால் குளோரமைன். மூடிய சமையலறையில் இரண்டுமே நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.

கிருமிநீக்கக் கரைசலில் நடக்கும் தவறு வேறு வகை. "இன்னும் கொஞ்சம் ஊற்றினால் இன்னும் சுத்தம்" என்ற நினைப்பு. வெட்டுப்பலகை, பாத்திரம் போன்ற உணவு படும் பரப்புகளுக்குக் குளோரின் 100 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 100 மில்லிகிராம், போதும். 200-ஐத் தாண்டக்கூடாது. கணக்கு எளிது. பிளீச் பாட்டிலில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில் 50 கிராம் இருக்கிறது. 10 லிட்டர் தண்ணீரில் 100 பிபிஎம் வர 1 கிராம் தேவை, அது 20 மில்லி பிளீச்சில் கிடைத்துவிடும். அளவுக்குவளை இல்லாமல் மூடியிலோ கையளவிலோ ஊற்றும் சமையலறைகளில் நான்கைந்து மடங்கு போவது சாதாரணம். வரிசையும் முக்கியம். முதலில் சோப்பு போட்டுத் தேய்த்து, சோப்பு போக அலசி, அதன்பிறகு ஒரு நிமிடமாவது கரைசலில் முக்கி, துடைக்காமல் காற்றில் உலரவிட வேண்டும். அழுக்கோடு முக்கினால் குளோரின் அந்த அழுக்கிலேயே செலவாகிவிடும். உடனே "வேலை செய்யவில்லை" என்று இன்னும் ஊற்றுவார்கள். சோதனைக் காகிதப் பட்டை ஒரு கட்டு வாங்கி வைத்தால் இந்த ஊகமெல்லாம் தேவைப்படாது. வாசனை சேர்த்த பிளீச் உணவு படும் இடத்துக்கு வேண்டாம்.

இறைச்சியைப் பதப்படுத்தும் நைட்ரைட் உப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரண உப்போடு 6.25 சதவீதம் சோடியம் நைட்ரைட் கலந்து, குழப்பம் வராமலிருக்க இளஞ்சிவப்புச் சாயம் போட்டு விற்பார்கள். ஒரு கிலோ இறைச்சிக்கு 2.5 கிராம் போட்டால் 156 மில்லிகிராம் நைட்ரைட் சேரும், அதுதான் வழக்கமான உச்ச அளவு. இதையே யாராவது உப்பு என்று நினைத்து ஒரு மேசைக்கரண்டி போட்டால் கிட்டத்தட்ட 1 கிராம் நைட்ரைட் உணவில் இறங்கும். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உதடும் நகமும் நீலமாகும், உயிரும் போகலாம். சாயமில்லாத வெள்ளை நைட்ரைட்டைச் சமையலறைக்குள் கொண்டுவரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சாயம் போட்டதையும் தராசில் எடைபோட்டுத்தான் சேர்க்க வேண்டும், கரண்டியால் அல்ல.

பூஞ்சை: காயவைப்பதில் கோட்டைவிட்டால் பிறகு மீட்க முடியாது

வேர்க்கடலை, மக்காச்சோளம், மிளகாய், கொட்டை வகைகளில் வரும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சுதான் உலக அளவில் என் பட்டியலில் முதலிடம். ஆஸ்பெர்ஜில்லஸ் இனப் பூஞ்சைகள் இரண்டு இதைச் சுரக்கின்றன. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தபோது, தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கைத் துருவிப் பார்த்ததில்தான் இந்த நஞ்சே வெளிச்சத்துக்கு வந்தது. 2004-இல் கென்யாவில் ஈரமாகச் சேமித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 317 பேர் நோயுற்று 125 பேர் இறந்தார்கள். அது ஒரே மூச்சில் அதிகம் உண்டதன் விளைவு. சிறிது சிறிதாகப் பல ஆண்டு உண்டால் கல்லீரல் புற்றுநோய் வரும், ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு அந்த அபாயம் பல மடங்கு கூடும்.

சமையல் சூட்டில் இது உடையாது. வறுத்தால் ஓரளவு குறையும், ஆனால் அந்தக் குறைவை நம்பிச் சாப்பிட முடியாது. எனவே பூஞ்சை வளரவே விடக்கூடாது. ஈரம்தான் எல்லாம். மக்காச்சோளம் 13 சதவீத ஈரத்துக்குள், உடைத்த வேர்க்கடலைப் பருப்பு 7 சதவீதத்துக்குள் வந்தால் பூஞ்சைக்கு வேலை இல்லை. மேலே தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று மூட்டை கட்டுவதுதான் வழக்கமான பிழை. மேல்தோல் காய்ந்திருக்கும், உள்ளிருக்கும் ஈரம் மூட்டைக்குள் வெளியேறும்.

ஈரமானி இல்லாதவர்கள் தானியத்துக்கு உப்புச் சோதனை செய்யலாம். உப்பைச் சட்டியில் வறுத்து ஈரம் போக்கி ஆறவையுங்கள். நன்கு உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு தானியம் போட்டு, இரண்டு மூன்று தேக்கரண்டி உப்பைச் சேர்த்து இறுக மூடி மூன்று நிமிடம் குலுக்குங்கள். கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். உப்பு பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், இன்னும் காயவைக்க வேண்டும். ஒட்டாமல் அடியில் கிடந்தால் 15-க்குக் கீழ். அதன்பிறகும் ஒரு நாள் வெயில் காட்டுவது நல்லது, ஏனென்றால் நமக்கு வேண்டியது 13.

மூட்டையை வெறும் தரையிலும் சுவரை ஒட்டியும் அடுக்காதீர்கள். கட்டைமேல் அடுக்கி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். தகரக் கொட்டகையில் பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறி வரும்போது கூரையடியில் நீர் வேர்த்துச் சொட்டும், மேல் மூட்டை அங்கிருந்துதான் கெடும். காற்றுப் புகாத பைகள் நல்லவை, ஆனால் நன்கு காய்ந்ததைப் போட்டால் மட்டும்.

வாங்கும்போது சுருங்கியது, நிறம் மாறியது, உடைந்தது, பூச்சி துளைத்தது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். இது ஏதோ அழகுக்காகச் செய்வதல்ல. ஒரு மூட்டையில் உள்ள நஞ்சின் பெரும்பங்கு ஒரு சில பருப்புகளில்தான் குவிந்திருக்கும், அதனால் கையால் பொறுக்குவதே வீட்டில் கிடைக்கும் மிகச் சிறந்த தடுப்பு. இதே காரணத்தால்தான் ஒரு கைப்பிடி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிப் 'பாதுகாப்பானது' என்று சான்று வாங்குவதில் அர்த்தமில்லை. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் விதிப்படி கடலைக்கு ஆய்வக மாதிரியே 20 கிலோ, பல இடங்களில் இருந்து எடுத்து, முழுவதையும் அரைத்துக் கலந்த பிறகுதான் சோதனை. பதப்படுத்தப்போகும் கடலைக்கு வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம்.

பொறுக்கி எடுத்த கெட்டதை மாட்டுக்குப் போடுவது அடுத்த தவறு. பசுவின் உடலில் அது எம்1 என்ற வடிவத்துக்கு மாறி, ஒரு நாளுக்குள் பாலில் வந்துவிடும். காய்ச்சினாலும் போகாது.

வீட்டில் ரொட்டி, ஜாம், தயிர், மென்மையான பழம் இவற்றில் பூஞ்சை தெரிந்தால் முழுவதையும் எறியுங்கள், இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். கெட்டியான பாலாடைக்கட்டி விதிவிலக்கு. பூஞ்சையைச் சுற்றியும் கீழேயும் இரண்டரை சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். கத்தி பூஞ்சையில் படக்கூடாது.

செடியே வைத்திருக்கும் நஞ்சு

இங்கேதான் அடுப்பு உதவும், சரியாகப் பயன்படுத்தினால். சிவப்பு ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற புரதம், வேகவைக்காத நான்கைந்து பயற்றிலேயே கடும் வாந்தியை வரவழைக்கும், ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் தளதளவென்று கொதிக்கும் நிலையில் 10 நிமிடமாவது வேகவைக்க வேண்டும். நான் 30 நிமிடம் என்றே சொல்வேன், அதனால் நட்டமொன்றும் இல்லை. மெதுவாகச் சமைக்கும் மின்சட்டியில் பச்சையாகப் போட்டால்தான் சிக்கல். அதன் உள்சூடு 75 அல்லது 80 டிகிரியிலேயே நின்றுவிட்டால் லெக்டின் அழியாது, சில சோதனைகளில் வேகவைக்காத பயற்றைவிட ஐந்து மடங்கு வரை நச்சுத்தன்மை கூடியிருக்கிறது. பயறு மென்மையாகிவிட்டது என்பதை வெந்ததற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரஷர் குக்கரில் இந்தக் கவலை இல்லை.

உருளைக்கிழங்கு நேர்மாறு. பச்சை படர்ந்த தோலிலும் முளையிலும் இருக்கும் சோலனின் என்ற நஞ்சு வேகவைத்தாலும் பொரித்தாலும் போகாது. பச்சை நிறம் வெறும் பச்சையம்தான், அதனால் தீங்கில்லை. ஆனால் வெளிச்சம் பட்ட இடத்தில் இரண்டும் சேர்ந்தே கூடும் என்பதால் அது நல்ல எச்சரிக்கை. முளையைச் சுற்றி ஆழமாகத் தோண்டி எடுத்து, தோலைத் தடிமனாகச் சீவினால் பெரும்பகுதி போய்விடும். பாதிக் கிழங்கு பச்சையாக இருந்தாலோ, வாயில் வைத்ததும் கசந்து தொண்டை எரிந்தாலோ தூக்கி எறியுங்கள். இருட்டான, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் பிரச்சினையே எழாது. சுரைக்காய், வெள்ளரி, சுக்கினி குடும்பத்திலும் இதே விதி. வழக்கத்துக்கு மாறாகக் கசந்தால் துப்பிவிட வேண்டும், சாறு எடுப்பதற்கு முன் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மரவள்ளிக்கிழங்கின் கதை கொஞ்சம் நுட்பமானது. அதில் சயனைடு தனியாக இல்லை, லினமரின் என்ற சேர்மத்தில் கட்டுண்டிருக்கிறது. கிழங்கை வெட்டும்போதும் துருவும்போதும் அதிலேயே உள்ள ஒரு நொதி அதை உடைத்து ஹைட்ரஜன் சயனைடை விடுவிக்கும், அது ஆவியாகிப் போய்விடும். அதாவது நமக்கு உதவுவது அந்த நொதி. பெரிய துண்டுகளாகக் கொதிக்கும் நீரில் போட்டால் நொதி முதலில் செத்துவிடும், லினமரின் கிழங்கிலேயே தங்கும். எனவே தோல் உரித்து, சிறு துண்டுகளாக்கி, நிறையக் குளிர்ந்த நீரில் போட்டு மெல்லச் சூடேற்றி, மூடாமல் வேகவைத்து, நீரைக் கொட்ட வேண்டும். இது இனிப்பு வகைக்கு. கசப்பு வகைக்கு இது போதவே போதாது. துருவி, நாட்கணக்கில் புளிக்கவைத்து, பிழிந்து, காயவைத்தே உண்ண வேண்டும். பஞ்ச காலத்தில் இந்த வேலையைச் சுருக்கிய பகுதிகளில்தான் கால்கள் மீளாமல் முடங்கும் கோன்சோ நோய் வந்தது. மாவில் சந்தேகம் இருந்தால், தண்ணீர் விட்டுப் பிசைந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத கனத்தில் பரப்பி, வெயிலில் 2 மணி நேரமோ நிழலில் 5 மணி நேரமோ விட்டால் சயனைடு பெரிதும் ஆவியாகிவிடும். அன்றே சமைத்துவிட வேண்டும்.

மீன்

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்த மீன் வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றும். பாக்டீரியா பின்னால் சாகலாம், ஹிஸ்டமின் சாகாது. உறையவைத்தாலும் பொரித்தாலும் டப்பாவில் அடைத்தாலும் நிற்கும். சாப்பிட்ட சில நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு, தடிப்பு. மீன் ஒவ்வாமை என்று பலரும் தவறாக நினைத்துக்கொள்வது இதைத்தான். நாற்றம் வராத மீனிலும் இருக்கும், மூக்கை நம்ப முடியாது. நாக்கில் மிளகு போலச் சுள்ளென்றால் நிறுத்திவிடுங்கள். பிடித்த நேரத்திலிருந்து தட்டுக்கு வரும்வரை 4 டிகிரிக்குக் கீழே வைப்பது ஒன்றே வழி. உறைந்த மீனை வெளியே வைத்து இளக்காமல் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் இளக்குங்கள்.

பாதரசம் குளிரோடு தொடர்பில்லாதது. சிறிய மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன, மெத்தில் பாதரசம் மேலே மேலே சேர்ந்துகொண்டே போகும். சுறா, வாள்மீன், பெரிய சூரை வகைகளில் அதிகம். 1956-இல் ஜப்பானின் மினமாட்டாவில் தெரியவந்த பாதரசப் பேரழிவு ஆலைக் கழிவால் நேர்ந்தது, ஆனால் வழி இதே வழிதான். கருவுற்றவர்களும் குழந்தைகளும் பெரிய வேட்டை மீன்களைத் தவிர்த்து, மத்தி, நெத்திலி போன்ற சிறியவற்றை உண்பது நல்லது. மீனையே விடச் சொல்லும் அறிவுரை தவறானது, அதில் இழப்பே அதிகம்.

உலோகம்: நீர், பாத்திரம், மசாலா

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது மிகச் சிறு அளவிலேயே பாதிக்கும். குடிநீரில் ஈயத்துக்கும் ஆர்செனிக்குக்கும் உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு தலா லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். நிறம், சுவை, மணம் எதுவும் காட்டிக்கொடுக்காது, ஆய்வகச் சோதனைதான் ஒரே வழி. பழைய குழாய் உள்ள கட்டிடத்தில் இரவெல்லாம் தேங்கிய நீரைச் சற்று ஓடவிட்டுப் பிடியுங்கள், சமையலுக்கு வெந்நீர்க் குழாயைத் திறக்காதீர்கள். சுடுநீர் ஈயத்தை அதிகம் கரைக்கும்.

அரிசி மற்றப் பயிர்களைவிட ஆர்செனிக்கை அதிகம் இழுக்கும், தவிட்டில் இன்னும் அதிகம். ஒரு பங்கு அரிசிக்கு 6 முதல் 10 பங்கு நீர் வைத்து வடித்தால் பாதி வரை குறையும். கொதித்த நீரில் 5 நிமிடம் வேகவிட்டு, வடித்து, புதிய நீரில் மீதியை வேகவைப்பதும் நல்ல பலன் தருகிறது. கூடவே சில வைட்டமின்களும் போகும். இதெல்லாம் நல்ல நீர் இருந்தால் மட்டுமே. நீரிலேயே ஆர்செனிக் இருந்தால் வடிப்பதால் நன்மை இல்லை, அரிசி இன்னும் குடிக்கும்.

புளி, எலுமிச்சை, தக்காளி, வினிகர், மோர் என எந்த அமிலமும் உலோகத்தைக் கரைக்கும். உட்பூச்சு இல்லாத செம்பு, பித்தளையில் இவற்றைச் சமைக்கவோ வைக்கவோ கூடாது. துத்தநாகம் பூசிய வாளியில் பழச்சாறு கலக்கிக் கூட்டமாக வாந்தியெடுத்த நிகழ்வுகள் உண்டு. உணவகங்களில் சோடா இயந்திரத்தைக் கவனியுங்கள். கார்பன் டை ஆக்சைடு பின்னோக்கிச் செம்புக் குழாய்க்குள் போனால் நீர் அமிலமாகிச் செம்பைக் கரைக்கும். குழாயில் திரும்பு ஓட்டத் தடுப்பான் இருக்கிறதா, அதற்கு அப்பால் செம்பு இல்லையா என்று பாருங்கள். அலங்காரத்துக்கென்று விற்ற மெருகிட்ட மண்பாண்டத்தில் உணவு வேண்டாம், மெருகில் ஈயம் இருக்கலாம். பழைய பேட்டரியும் இன்ஜின் கழிவும் உருக்கி வார்த்த மலிவு அலுமினியச் சட்டியும் அப்படியே.

மசாலாப் பொடியில் ஈயம் சேருவது நிறத்துக்காக. மஞ்சளைப் பளிச்சென்று காட்ட ஈயக் குரோமேட் போடுகிறார்கள். 2023-இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான பழக்கூழில் ஈயம் வந்தது, அதில் சேர்த்த இலவங்கப்பட்டைத் தூள் வழியாக. முழுதாக வாங்கி அரைப்பது உதவும், ஆனால் மஞ்சள் கிழங்கின் மேலேயே பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். இயல்புக்கு மீறிய பளபளப்பும், ஈரத் துணியால் தேய்த்தால் ஒட்டும் நிறமும் சந்தேகத்துக்குப் போதும்.

பூச்சிக்கொல்லி எச்சம்

ஓடும் நீரில், கையால் தேய்த்து, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம். பெரும்பாலும் இவ்வளவுதான். சோப்பும் பிளீச்சும் வேண்டாம், காயின் துளைகளில் அவையே தங்கிவிடும். ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் சமையல் சோடா கரைத்து 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்ததில் ஆப்பிளின் மேற்பரப்பில் இருந்த இரண்டு மருந்துகள் முழுதாக நீங்கியதாக 2017-இல் ஒரு ஆய்வு காட்டியது. அதே ஆய்வில், தோலுக்குள் ஊடுருவியிருந்த பங்கு நீங்கவில்லை. செடி முழுவதும் பரவும் வகை மருந்து எந்தக் கழுவலுக்கும் அசையாது. அதைத் தடுக்க முடிந்தவர் விவசாயி மட்டுமே. மருந்துச் சீட்டில் எழுதியிருக்கும், கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட நாட்களைக் காத்தால் எச்சம் வரம்புக்குள் இறங்கிவிடும். விலை ஏறியது என்று மூன்று நாள் முன்னதாகப் பறித்தால் எல்லாம் வீண்.

விதைக்கென்று மருந்து பூசிய தானியத்தைத் தின்னவே கூடாது. 1971-இல் ஈராக்கில் பாதரச மருந்து பூசிய விதைக் கோதுமைக்கு எச்சரிக்கையாகச் சிவப்புச் சாயம் போட்டிருந்தார்கள். மக்கள் அதைக் கழுவினார்கள், சாயம் போனது, நஞ்சும் போனதென்று நினைத்து ரொட்டி சுட்டார்கள். மருத்துவமனைகளில் மட்டும் 459 பேர் இறந்தார்கள்.

அடுப்பே உண்டாக்குவது

மாவுச்சத்துள்ள உணவை 120 டிகிரிக்கு மேல் ஈரம் வற்ற வறுத்தால், புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் அக்ரிலமைடு உருவாகும். 2002-இல் ஸ்வீடனில்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். வேகவைப்பதில் இது வராது. பொரிக்கப்போகும் உருளைக்கிழங்கைக் கடுங்குளிரில் சேமிக்காதீர்கள், அதில் சர்க்கரை கூடி, பொரிக்கும்போது சீக்கிரம் கருக்கும். வெட்டிய துண்டுகளை அரை மணி நேரம் நீரில் ஊறவைத்து, துடைத்து, 175 டிகிரிக்கு மேல் போகாமல் பொன்னிறத்தில் எடுங்கள். பழுப்பேறியது சுவைக்கலாம், ஆனால் கணக்கு அங்கேதான் ஏறுகிறது.

பொரித்த எண்ணெயைப் பொறுத்தவரை பல நாடுகளில் மொத்த முனைவுச் சேர்மங்கள் (எண்ணெய் சிதையும்போது சேரும் பொருள்கள்) 24 முதல் 27 சதவீதத்தைத் தாண்டினால் கொட்டச் சொல்கிறார்கள். அளவிடும் கருவி இல்லாத இடத்தில், கருத்துக் கெட்டியாதல், அடங்காத சிறு நுரை, வழக்கமான சூட்டிலேயே புகைதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் போதும். பழைய எண்ணெயில் புதியதை ஊற்றினால் புதியதும் வேகமாகக் கெடும். தினமும் வடிகட்டுங்கள், சட்டிக்கு மேலே உப்புத் தூவாதீர்கள், வேலையில்லாத நேரத்தில் தீயைக் குறையுங்கள். கரியில் சுடும் இறைச்சியில் கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகைதான் கெடுதல். கொழுப்பை முன்பே நீக்கி, தணலை ஓரத்தில் ஒதுக்கிச் சுட்டால் பெரும்பகுதி தவிரும்.

பிளாஸ்டிக் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சூடும் எண்ணெய்ப் பசையும் உள்ள உணவை அதில் போடாதீர்கள், அதிலேயே சூடாக்காதீர்கள். முக்கோணத்துக்குள் இருக்கும் எண் பிளாஸ்டிக்கின் வகையைத்தான் சொல்கிறது, உணவுக்கு ஏற்றதா என்பதை அல்ல. அதற்குக் கண்ணாடிக் கோப்பையும் முள்கரண்டியும் வரைந்த குறி வேறு.

வாங்கும் இடத்தில்

கலப்படத்தைச் சோதனையால் மட்டும் தடுக்க முடியாது, ஏனென்றால் சோதனை தேடுவதை மட்டுமே காணும். 2008-இல் சீனாவில் பால்மாவில் மெலமைன் என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் கலந்தது இந்த ஓட்டையின் வழியாகத்தான். புரத அளவை நைட்ரஜனை வைத்துக் கணக்கிட்டார்கள், மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர் கலந்த பால் சோதனையில் தேறியது, ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். சிறிய உணவகம் செய்யக்கூடியது இவ்வளவு: சந்தை விலையைவிட வெகு மலிவாக வரும் எண்ணெயையும் மசாலாவையும் மறுப்பது, ஒவ்வொரு சரக்குக்கும் தொகுதி எண்ணும் வந்த தேதியும் குறித்து வைப்பது, வழங்குபவரிடம் அந்தத் தொகுதிக்கான ஆய்வறிக்கையைக் கேட்பது. போன ஆண்டின் அறிக்கையை நகலெடுத்துத் தருவார்கள், தேதியைப் பாருங்கள்.

யாருக்காவது நேர்ந்துவிட்டால்

சாப்பிட்ட சில நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் பலருக்கும் ஒரே நேரத்தில் வாந்தி, வாயில் உலோகச் சுவை, முகச் சிவப்பு, உதடு நீலமாதல் என்று வந்தால் வேதிப்பொருளைச் சந்தேகியுங்கள். எச்சில் ஒழுகுதல், கண்ணீர், அளவற்ற வியர்வை, கண்மணி சுருங்குதல் சேர்ந்து வந்தால் பூச்சிக்கொல்லி. ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர ஊர்தியை அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அமிலமும் காரமும் வெளியே வரும்போது உணவுக்குழாயை இரண்டாம் முறை சுடும், மண்ணெண்ணெய் போன்றவை நுரையீரலுக்குள் போகும். உப்பு நீர், முட்டை, பால் என்று எதையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மீதமுள்ள உணவு, சந்தேகப்படும் பாட்டில் அல்லது பொட்டலம், முடிந்தால் வாந்தியில் கொஞ்சம் மூடிய டப்பாவில் என எல்லாவற்றையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் மாற்று மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும், அந்தப் பாட்டிலில் உள்ள லேபிள் ரத்தப் பரிசோதனைக்கு முன்பே அதைச் சொல்லிவிடும்.